கண் தெரியாத மனுசன்

“காலத் தூக்கி வைங்க, கான் இருக்கு. கான்னு சொல்றேன், காதும் கேக்கலியா?”

லயத்து வீடுகளுக்கு முன்னால் ஓடும் அந்தக் கழிவுநீர்க் கானைத் தாண்ட வைப்பதற்குள் பேச்சியம்மாவுக்கு மூச்சு வாங்கிவிட்டது. அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்த கணவர் சோலைமலை, ஆற்றைக் கடப்பவர் மாதிரி நிதானமாகக் காலை நீட்டி வைத்தார்.

வட்டவளையிலிருந்து காலை பஸ்ஸைப் பிடித்து அக்கரப்பத்தனைக்கு வந்திருந்த மகள் பிரேமினி, வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“கிளினிக்குக்குப் போற அன்னைக்கும் எங்கம்மா போயிட்டு வாறீங்க?”

“கோயிலுக்கு. காலையில மேட்டுக் கோயில், மத்தியானம் சலூன்ல அரட்டை, அந்திக்குப் பக்கீர் நானா கடையில யாராவது பேப்பர் வாசிக்கக் கேக்கணும். கண்ணு தெரிஞ்சவனுக்குக்கூட இவ்வளவு சோலி இல்ல. எல்லாத்துக்கும் நான்தான் இழுத்துக்கிட்டு அலையிறேன்.”

“வெளிக்கிடுங்கப்பா. ஆட்டோ நிக்குது.”

“நெஞ்சுல சளியா இருக்கு புள்ள. அடுத்த மாசம் பாப்போமே.”

“போன தடவ திருவிழா. அதுக்கு முந்தி மழை. இப்ப சளியா? கண்ணு ஒப்பரேசன்னா அவ்வளவு பயமாப்பா?”

“பயமா, எனக்கா? ஃபெக்டரியில ஓடுற மெசின்ல கைய விட்டவன் நான்.”

“அதான் ஒரு வெரலக் காணோம்” என்றாள் பேச்சியம்மா.

பிரேமினிக்குச் சிரிப்பு வரவில்லை.

“அம்மாவப் பாருங்கப்பா. காலம் பூரா கொழுந்துக் கூடையச் சொமந்து மல ஏறி எறங்கினவங்க. ரிட்டையர் ஆகியும் ஒக்கார விட்டீங்களா? சீனி வருத்தம் வேற. காலுக்கு ஒண்ணு ஆச்சுன்னா காலையே எடுக்க வேண்டி வரும்னு டொக்டர் சொன்னாரே, ஞாபகம் இருக்கா? ஒங்க கண்ணு சரியாகட்டும், அம்மாவ வட்டவளைக்குக் கூட்டிட்டுப் போறேன். கால நீட்டி ஒக்காந்து டீவி பாக்கட்டும்.”

“அப்ப என்னை யாரு நடத்திக்கிட்டுப் போறது?”

“பாத்தியாடி? தன் கவலதான் ஒங்கப்பாவுக்கு.”

ஆட்டோவில் ஏற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. பேச்சி வந்தால்தான் ஏறுவேன் என்றார். ஏறியதும் ஸ்வெட்டரை மறந்துவிட்டேன் என்றார். பாதி வழியில் தலை சுற்றுகிறது, திருப்பு என்றார். “இன்னும் ஒரு வார்த்த பேசினீங்க, நான் ரோட்டுல குதிச்சிருவேன்” என்று பிரேமினி சொன்ன பிறகுதான் வாயை மூடினார்.

ஆஸ்பத்திரியில் நோயாளியோடு ஒருவருக்கு மட்டும்தான் அனுமதி. பேச்சியம்மா வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். டொக்டர் சோலைமலையின் கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். கருவியில் முகத்தை வைக்கச் சொல்லி மறுபடி பார்த்தார். பிறகு பிரேமினியிடம் சிங்களத்தில் கேட்டார்:

“எதற்காக இவரைக் கூட்டி வந்தீர்கள்?”

“கண்ணே தெரியலைங்க டொக்டர்.”

“இந்த வயதில் இவ்வளவு நல்ல கண்ணை நான் அதிகம் பார்த்ததில்லை. கண்ணாடிகூடத் தேவையில்லை.” அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிட்டார்.

நடைபாதைக்கு வந்ததும் பிரேமினி வெடித்தாள். “எத்தன நாளு லீவு போட்டு அலைஞ்சேன்? அம்மாவ மாடு மாதிரி இழுத்தடிச்சீங்களே, ஒங்களுக்கு மனசாட்சி இருக்கா?”

“சத்தம் போடாத புள்ள. அவளுக்குக் கேட்டுறப் போவுது.”

“நல்லாக் கேக்கட்டும்.”

சோலைமலை சுவரோரம் ஒதுங்கினார். குரலைத் தாழ்த்தினார்.

“ரிட்டையர் ஆன வருசம் ஒங்கம்மா கட்டில விட்டு எறங்கல. மல ஏறினது போதும்னுட்டா. சீனி எங்கயோ ஏறிருச்சு, பாதம் மரத்துருச்சு. நடக்கலன்னா கால் தங்காதுன்னு டொக்டர் தலையில அடிச்சுக்கிட்டாரு. நானும் கெஞ்சிப் பாத்தேன். அசையல. ஒரு நாள் நான் கான்ல தடுக்கி விழுந்தேன். ஓடியாந்து கையப் பிடிச்சா, கோயில் வரைக்கும் கூடவே நடந்தா. அன்னையிலருந்துதான் எனக்குக் கண்ணு தெரியல.”

பிரேமினி வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

“இப்ப சீனி பாதிக்கு எறங்கிருச்சு. அவள வட்டவளையில கொண்டுபோய் ஒக்கார வச்சுறாத புள்ள.”

அப்பாவை அங்கேயே உட்கார வைத்துவிட்டு பிரேமினி வெளியே வந்தாள். வாழ்க்கையில் முதல் முறையாக அவருக்காகப் பொய் சொல்லப் போகிறாள்.

“இப்ப ஒப்பரேசன் செய்ய ஏலாதாம்மா. இன்னும் கொஞ்ச காலம் நீங்கதான் அப்பாவக் கூட்டிக்கிட்டு நடக்கணுமாம்.”

பேச்சியம்மா மகளின் முகத்தை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தாள்.

“ஒங்கப்பா அளவுக்கு ஒனக்குப் பொய் வரலடி. கண்ணு நல்லா இருக்குன்னுட்டாரா டொக்டர்?”

“அம்மா… ஒங்களுக்குத் தெரியுமா?”

“மேட்டுல நின்னுக்கிட்டு, கீழ போற பஸ்ல கண்டக்டர் மாறிட்டான்னு சொல்ற மனுசன். எனக்குத் தெரியாதா?”

“அப்புறம் எதுக்கும்மா இம்புட்டுப் பாடு?”

பேச்சியம்மா சேலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டாள்.

“கட்டிக்கிட்டு வந்த நாள்லருந்து பத்தடி முன்னாடியே போன மனுசன்டி. இப்பதான் ஊரு பாக்க என் கையப் பிடிச்சுக்கிட்டு நடக்குறாரு, கண்ணு தெரியுதுன்னு சொல்லிக் கெடுத்துறாத.”