நாலாவது கொத்தனார்

“ஓதம் ஏறுதுன்னு கூப்பிட்டா, சுவத்துல ஓட்டை போடறீங்களே!”

வீட்டுக்காரம்மா தலையில் அடித்துக்கொண்டாள். இரண்டு வருடமாக ஒவ்வொரு மழைக்கும் படுக்கையறைச் சுவர் ஊறிப்போய், பெயின்ட் கொப்பளித்து உதிர்ந்தது. மூன்று கொத்தனார்கள் வந்து பூசினார்கள். மூன்று பூச்சும் அடுத்த புயலைத் தாண்டவில்லை. நாலாவதாக வந்த இவரோ, வெளியே குத்தவைத்து உட்கார்ந்து, சுவரின் அடியில் உளியால் தட்டிக்கொண்டிருந்தார்.

“கொஞ்சம் பொறுங்கம்மா.”

“இன்னும் எத்தனை நாள் பொறுக்கிறது? கட்டினவன் சரியில்ல, பூசினவன் சரியில்ல, இப்ப நீங்க! ஏங்க, நீங்களாவது கேளுங்களேன்!”

பக்கத்தில் நின்ற கணவர் வாயைத் திறப்பதற்குள் ஒரு சிமெண்ட் கட்டி தெறித்து விழுந்தது. அந்தத் துளையிலிருந்து, குழாயைத் திறந்துவிட்டது போலத் தண்ணீர் கொட்டியது.

“இது உள்ளே பொந்து இருக்கிற ஹாலோ பிளாக் கல்லும்மா. அதுக்குள்ள இறங்கற மழைத்தண்ணி வெளியே போகணும்னுதான் கட்டினவர் துளை விட்டிருக்கார். யாரோ வரிசையா எல்லாத்தையும் அடைச்சிருக்காங்க.”

“எந்தப் புத்திகெட்ட ஜென்மம் அது? என் கையில மட்டும் கிடைக்கட்டும்!”

“எறும்பு வருதுன்னு அடைப்பாங்கம்மா.” கொத்தனார் கட்டியைத் துடைத்து நீட்டினார். “விரலை விட்டு அமுக்கியிருக்காங்க. பாருங்க, பூப்போட்ட மோதிரம்கூடப் பதிஞ்சிருக்கு.”

கணவர் கட்டியைப் பார்த்தார். பிறகு மனைவியின் விரலைப் பார்த்தார்.

அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“என்னங்க, பராக்குப் பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? வந்த மனுஷனுக்கு ஒரு வாய் காபி வேணுமான்னு கேக்கத் தெரியாதா?”