கழுதை ஏர்

மூன்றாவது வருடமாகத் தோண்டியும் அந்தப் பழைய கோட்டை இருந்த இடம் அகப்படவில்லை. தொல்லியல் அதிகாரி நல்லசிவம் கொதித்துப் போயிருந்தார். அந்த நேரம் பார்த்து, பக்கத்துப் பொட்டலில் வேலம்மாள் இரண்டு கழுதைகளைப் பூட்டி உழுதுகொண்டிருந்தாள்.

"கழுதையப் பூட்டி யாராச்சும் உழுவாங்களா?" என்று எரிந்து விழுந்தார்.

"வருசா வருசம் உழுது எள்ளு வெதைப்போம். அறுக்க மாட்டோம்," என்றாள், ஏரை நிறுத்தாமல். "மதில் நிக்கணும்னு எங்க வீட்டு நெறசூலிய உசுரோட பொதைச்சான் ஒரு ராசா. அவன் கோட்டைய எங்காளுக இடிச்சுத் தரைமட்டமாக்குன எடம் இது. அவன் பேரே இருக்கக் கூடாதுன்னுதான் கழுதையப் பூட்டி உழுவுறோம்."

நல்லசிவத்தின் கோபம் பறந்துபோனது. பையிலிருந்து அளவு நாடாவை உருவிக்கொண்டே, "அந்த ராசா பேரு என்னம்மா?" என்றார்.

வேலம்மாள் காறித் துப்பினாள். கழுதைகளை அவர் நின்ற பக்கம் திருப்பினாள்.