வானத்தில் ஒரு தடம்

வறண்ட சமவெளியில் பன்னிரண்டு நாள் கூடாரம் போட்டுத் தனியாக வரைந்த படத்தை ஹெஸ்டர், மெல்பர்ன் நகர ஓவியக் கண்காட்சிக்குக் கொண்டுவந்தபோது, அதன் வானத்தில் ஓர் ஈ ஒட்டியிருந்தது. வண்ணம் ஈரமாக இருந்த அன்று வந்து உட்கார்ந்தது. எடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

கண்காட்சிச் செயலாளர் முகம் சுளித்தார். "என்னம்மா இது அசிங்கம்? இதை எடுத்தாத்தான் சுவத்துல மாட்டுவேன்."

பெண்பிள்ளை வரைந்தது என்று முப்பது வருடமாக அவள் படங்களைத் திருப்பி அனுப்பிய இடம் அது. ஹெஸ்டர் தலையாட்டினாள். அவர் நகத்தால் சுரண்டித் தரையில் தட்டிவிட்டார். வண்ணத்தில் இரண்டு சிறகின் தடம் மட்டும் நின்றது. அவர் நகர்ந்ததும் அவள் குனிந்து ஈயைப் பொறுக்கிக் கையுறைக்குள் போட்டுக்கொண்டாள்.

திறப்பு நாளன்று கூட்டம் அந்தப் படத்தின் முன்னால்தான் மொய்த்தது. "பாருங்களேன், அவ்வளவு பெரிய வானத்துல ஒத்தைப் பறவை!" என்று உருகினாள் ஒரு சீமாட்டி. "அது என்ன பறவைம்மா?"

ஹெஸ்டர் கையுறையின் விரல் நுனியைத் தடவினாள்.

"பேர் தெரியாதுங்க. அங்க என் பக்கத்துல வந்து உட்கார்ந்தது அது ஒண்ணுதான்."