கடைசி மாடி அரக்கன்

முதலாளியின் தலை உருள இன்னும் இரண்டு மாடிதான் பாக்கி. வாளோடு ஏறிக்கொண்டிருந்தவரும் முதலாளியேதான் என்பதால் யாராலும் தடுக்க முடியவில்லை.

பின் வரிசையில் உட்கார்ந்திருந்தான் புரோகிராமர். அரக்கர்களை வரையும் அக்காவின் பக்கம் குனிந்தான்.

"அக்கா, கடைசி அரக்கன் மூஞ்சிய மாத்திட்டீங்கல்ல?"

"நீ மாத்திட்டேன்னுல்ல நான் நினைச்சுட்டிருக்கேன்!"



பெரிய திரையில் ஓடிக்கொண்டிருந்தது அவர்கள் கம்பெனியின் வீடியோ கேம். மந்திரக் கோட்டையில் தூணுக்குத் தூண் தாவி, எதிரே வருகிற அரக்கனை எல்லாம் வெட்டிச் சாய்க்கும் இளவரசி; அவளை ஆட்டுவித்துக்கொண்டிருந்தது முதலாளி. முதல் பாகம் சக்கைப்போடு போட்டதால் இப்போது இரண்டாம் பாகம்.

ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்கு வரச் சொன்ன கடுப்பில், கடைசி மாடி அரக்கனுக்கு முதலாளியின் முகத்தையே ஒட்டிவிட்டார்கள் இருவரும். அதே வழுக்கை, அதே மூக்கு, கூடுதலாக இரண்டு கொம்பு. ஆசை தீர அதை வெட்டிச் சிரித்துவிட்டு, எடுக்க மறந்துபோனார்கள்.

முதலாளி தனியாக இருந்தாலாவது காலில் விழலாம். முன் வரிசையில் அவருடைய மாமனார் அல்லவா உட்கார்ந்திருந்தார்! ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி. மாப்பிள்ளை பொம்மை வியாபாரம் செய்கிறார் என்று பார்ப்பவரிடமெல்லாம் சொல்லித் திரிகிறவர்.

அவர் எதிரில் மானம் போனால் முதலாளி சும்மா விடுவாரா? மீட்டிங்கில் கொட்டாவி விட்டதற்கே ஒருவனை வீட்டுக்கு அனுப்பியவர். புரோகிராமருக்கோ இந்த வேலையைச் சொல்லித்தான் பெண்ணே கிடைத்திருந்தது. வேலை போனால் கல்யாணமும் போச்சு.

"மாமா, தூங்கிடாதீங்க. கடைசி மாடிதான் விசேஷமே" என்ற முதலாளி, பின்னால் திரும்பினார். "ஏன் தம்பி, அதுல யாரும் கை வைக்கலையே?"

"இல்ல சார்." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

இளவரசி தாவினாள். வௌவால் முகத்து அரக்கர்கள் இரண்டு பேர் துண்டாகி விழுந்தார்கள். மாமனார் கொட்டாவி விட்டார். அவரை யாரும் வீட்டுக்கு அனுப்பவில்லை.

"கதவு திறக்கறப்பதானே அந்த மூஞ்சி லோடு ஆகும்?" அக்கா பல்லைக் கடித்தாள். "அதுக்குள்ள வேற எதையாவது போட்டுத் தொலைடா!"

அவன் லேப்டாப்பைத் திறந்தான். பாஸ்வேர்டு தப்பு. மறுபடியும் தப்பு.  ஒரே ஒரு தடவை கீழே விழுந்துடுங்க சார், உங்களுக்குப் புண்ணியமாப் போகும் என்று மனசுக்குள் கெஞ்சினான்.

கேட்டதுபோல முதலாளி விழுந்தார். இளவரசி எரிமலைக் குழம்பில் கரைந்து, பழைய தூணிலிருந்து மறுபடி கிளம்பினாள்.

அந்த இடைவெளியில் பாஸ்வேர்டு சரியானது. முதலாளியின் முகத்தை அழித்து, எப்போதோ வரைந்து ஒதுக்கிய ஒரு முதலைத் தலையை அங்கே திணித்தான்.

கதவு கிறீச்சென்று திறந்தது. புகைக்கு நடுவிலிருந்து அரக்கன் எழுந்தான். புரோகிராமர் கண்ணை மூடிக்கொண்டான்.

"பொழைச்சோம்டா" என்று அக்கா அவன் கையை அழுத்திய பிறகுதான் திறந்தான். முதலைத் தலை, பச்சைப் பல். பெருமூச்சு விட்டான்.

ஆனால் இளவரசி அசையவில்லை. அரக்கன் அவளை மிதி மிதி என்று மிதித்தான். முதலாளி ஒரு பட்டனைக்கூட அழுத்தாமல் திரையையே வெறித்தார். அவர் காது மடல் சிவந்தது.

மாமனார் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, திரையை ஒருமுறையும் மாப்பிள்ளையை ஒருமுறையும் பார்த்தார்.

"என்ன மாப்பிள்ளை, உங்க மூஞ்சி வரும்னு சொல்லித்தானே என்னைக் கூட்டிட்டு வந்தீங்க?"