கன்னத்தில் ஒதுக்கிய பொம்மை

மூன்று ராஜாக்கள் திருநாள் ரொட்டியைக் கடித்ததுமே எவரிஸ்தோவின் வாயில் நறுக்கென்று ஏதோ தட்டுப்பட்டது. போச்சு, பொம்மை. ரொட்டிக்குள் இருக்கும் குட்டிப் பொம்மை யாருக்குக் கிடைக்கிறதோ, அவர்தான் அடுத்த மாதம் தெரு முழுக்கச் சோளமாவுக் கொழுக்கட்டையான தமாலே அவித்துப் போடவேண்டும். நைசாகக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டார்.

“பொம்மை வந்துச்சா கிழவா?” என்றாள் மனைவி ஓத்திலியா.

“ம்ஹும்.”

“கல்யாணத்துக்கு முன்னாடி எங்க வீட்டுல உனக்கு வந்துச்சே, ஞாபகம் இருக்கா? வேர்த்து வழிய தமாலே சட்டியத் தூக்கிட்டு வந்து நின்ன. அன்னிக்குத்தான் உன்மேல ஆசையே வந்துச்சு. அப்புறம் ஒரு தடவைகூட உனக்கு வரலியே.”

“என் ராசி அப்படி, கிழவி.”

“பாதி வருஷம் யாருக்குமே பொம்மை வரல, பேக்கரிக்காரன்தான் வைக்காம ஏமாத்துறான்னு இந்த வருஷம் நானே சுட்டேன். கடைசியில நானும் வைக்க மறந்துட்டேன் பாரு” என்று மேலங்கிப் பையிலிருந்து பொம்மையை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

எவரிஸ்தோ குழம்பிப்போய், வாயிலிருந்ததைக் கையில் துப்பினார். போன மாதம் கட்டிய முன்பல்.

ஓத்திலியா பல்லைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

“அப்போ இத்தனை வருஷமா அந்த பேக்கரிக்காரனை நான் திட்டினதெல்லாம்?”

பல் போன இடம் தெரிய அசட்டுச் சிரிப்பு சிரித்தார் எவரிஸ்தோ.

“சோளமாவு எங்க வச்சிருக்க, கிழவி?”