முதல் கிரேடு

பங்கஜத்திடம் இரண்டு மாடுகள், ஒன்றுக்குப் போதுமான வைக்கோல். எண்பத்து மூன்றாம் வருஷக் கோடையில் ஒன்றை விற்றே ஆகவேண்டும் என்றானபோது வாங்க வந்து நின்றவர் ஞானசீலன். பேரணாம்பட்டில் தோல் பதனிடும் ஷாப்பில் இருபது வருஷமாகத் தோலைத் தடவிப் பார்த்துக் கிரேடு பிரிப்பவர்.

"கசாப்புக்குத் தரமாட்டேன் அண்ணே. இப்பவே சொல்லிட்டேன்."

"முதல்ல பாக்க விடும்மா."

பெங்களூரிலிருந்து வந்த கலப்பினக் கறுப்பியின் முதுகில் உள்ளங்கையை ஓட்டினார். "ஒரு உண்ணிக்கடி இல்ல. முதல் கிரேடு!"

பங்கஜம் கறுப்பியின் கயிற்றைத் தன் பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்து நாட்டுமாடு செவலை. கழுத்து, தொடை எல்லாம் தழும்பு. "இது சுத்த ரிஜெக்ட்."

"நீங்க மாடு பாக்கறீங்களா, தோல் பாக்கறீங்களா?"

"எனக்குத் தெரிஞ்சது தோல்தானேம்மா? சரி, செவலையை அவுத்து வுடு."

"இன்னா அண்ணே, ரிஜெக்ட்டுன்னீங்களே!"

"ஷாப்புக்கு ரிஜெக்ட். எனக்கு வேண்டியது பேத்திக்குப் பால். எல்லாம் பழைய தழும்பு, புதுசா ஒரு கடி இருக்கா பாரு. கன்னுக்குட்டியிலேர்ந்து கடிபட்டுக் கடிபட்டு, இப்ப உண்ணி ஏறினாலும் தங்காது, உதிர்ந்துடும்."

"கறுப்பி பால் ஜாஸ்தி குடுக்குமே?"

"போன வருஷம் இதேமாதிரி பளபளன்னு ஒண்ணு வாங்கினேன். உண்ணியே பாக்காத மாடு. மழைக்கு உண்ணி ஏறிச்சு, பத்தே நாள் காய்ச்சல். தோல்ல தழும்பு வுழறதுக்குள்ள மாடு வுழுந்துடுச்சு."

செவலையின் கயிற்றைக் கையில் வாங்கிக்கொண்டார்.

"அதோட தோல் எங்க ஷாப்புக்குத்தான் வந்துது. முதல் கிரேடுன்னு முத்திரை குத்தினவனும் நான்தான்."