வெந்நீர் ஆறும் முன்

அவளைக் குளிப்பாட்ட யாரும் முன்வரவில்லை.

முன்னறையில் பாடிக்கொண்டிருந்தார்கள். நல்ல குரல்கள். வாசலையும் தாண்டி, தெருவில் நின்றவர்களும் சேர்ந்து பாடினார்கள்.

பின்வாசலில் சேலைகளை மறைப்பாகக் கட்டியிருந்தார்கள். உள்ளே, கோயிலிலிருந்து தூக்கிவந்த பெஞ்சில் என் மனைவி கிடந்தாள்.

வெந்நீர் தயாராகிவிட்டது. அடுப்பிலிருந்து விறகை இழுத்துவிட்டார்கள்.

பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. எங்கள் சபையில் எந்தப் பெண் இறந்தாலும் குளிப்பாட்டுவது அவள்தான். மற்றவர்கள் பழகிக்கொள்ள அவள் இடம் வைக்கவில்லை.

சுவரில் ஓர் ஆணி. அதில் அவளுடைய வயர் கூடை. சந்தன சோப்பு, சீப்பு, தேங்காய் எண்ணெய், பஞ்சு, கிழித்து மடித்த வெள்ளைத் துணி. அந்தக் கூடையோடு அவள் தெருவில் இறங்கினால், "எந்த வீட்டுல?" என்றுதான் கேட்பார்கள்.

இன்று அதை எடுக்க ஆளில்லை.

"இனி இவளே எந்திச்சு வந்து குளிச்சாத்தான் உண்டு" என்றாள் ஒருத்தி.

யாரும் சிரிக்கவில்லை. என் மனைவி கேட்டிருந்தால் சிரித்திருப்பாள்.

நான் நடைவாசலில் நின்றிருந்தேன். ஒரு பக்கம் பாட்டு, ஒரு பக்கம் அந்த மறைப்பு.

நான் உபதேசியார், சபையில் போதகருக்கு உதவியாள். துக்க வீட்டில் என் இடம் முன்னறை. வேதம் வாசிப்பேன். ஜெபிப்பேன். என் ஜெபம் நீளமானது. பின்வாசலிலிருந்து அவள் சொல்லியனுப்புவாள்.

"அவுகளச் சுருக்கமா முடிக்கச் சொல்லு. வெந்நி ஆறுது."

செத்த உடம்புக்கு வெந்நீர் எதற்கு என்று நான் கேட்டதில்லை.

ஒரு ஈஸ்டர் அன்று, ஆராதனை முடிந்து வந்து, கறிக்கு வெங்காயம் உரித்துக்கொண்டே அவள் என்னிடம் கேட்டாள். இயேசுவின் உடம்பில் பூசுவதற்கு அந்தப் பெண்கள் விடியும் முன்பே சுகந்தவர்க்கம் கொண்டுபோனார்களே. கல்லறை காலியாகக் கிடந்தது. சரி. கையில் கொண்டுபோனதை என்ன செய்திருப்பார்கள்?

நான் ஒரு விளக்கம் சொன்னேன். நல்ல விளக்கம்தான். இப்போது நினைவில்லை.

அவள் சொன்னது நினைவிருக்கிறது.

"ஆசை ஆசையா அரைச்சுக் கொண்டு போயிருப்பாவ. தூரவா போட்டிருப்பாவ? ஊருல வேற யாராச்சும் செத்துக் கெடந்திருப்பாவ. அந்த வீட்டுக்குக் கொண்டு போயிருப்பாவ."

சொல்லிவிட்டுக் கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டாள். வெங்காயம்தான்.

முன்னறையில் கடைசிச் சரணம் தொடங்கியது. முடிந்ததும் போதகர் என்னைத் தேடுவார்.

நான் பின்வாசலில் இறங்கினேன். ஆணியிலிருந்து கூடையை எடுத்தேன்.

"அய்யா, ஆம்பளைய இங்க வரப்பிடாது."

சேலையை விலக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

ஒருத்தி மட்டும் பின்னால் வந்தாள். தையல்கடை லில்லிபாய். அவள் மாமியார் இறந்தபோது என் மனைவிக்குக் கூட நின்றவள். செம்பைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"எனக்குத் தண்ணி மோந்து குடுக்கத்தான்யா தெரியும். மத்ததெல்லாம் அக்காதான் செய்வாவ."

"அவ என்ன செய்வா, சொல்லு."

"மொதல்ல தண்ணியத் தன் கையில ஊத்திப் பாப்பாவ. கைப்பிள்ளையக் குளிப்பாட்டயில பாக்காப்ல."

மணிக்கட்டில் ஊற்றிப் பார்த்தேன். சூடு அதிகம். ஒரு செம்பு பச்சைத் தண்ணீர் விட்டு விளாவினேன்.

"காலுலேர்ந்து தொடங்குவாவ."

காலிலிருந்து தொடங்கினேன். குதிகால் வெடிப்புகளில் மண் இருந்தது. எந்தத் தெரு மண்ணோ. விரலால் எடுத்தேன்.

முன்னறையில் பாட்டு நின்றது. யாரோ என்னைக் கூப்பிட்டார்கள். இன்னொருவர் ஏதோ தாழ்ந்த குரலில் சொன்னார். பிறகு போதகரே ஜெபிக்கத் தொடங்கினார்.

சோப்பின் உறையைப் பிரித்தேன். புதிது. வேறு யாருக்கோ வாங்கி வைத்திருக்கிறாள்.

முகத்துக்கு வந்ததும் லில்லிபாய் என் கையைத் தடுத்தாள்.

"சோப்பு போடுமுன்ன ஒண்ணு சொல்லுவாவ."

வேத வசனமாக இருக்கும் என்று நினைத்தேன். அவளுக்குப் பிடித்தது எதுவென்று யோசித்தேன்.

"'கண்ண மூடிக்கோ தாயி, எரியும்'னு சொல்லுவாவ."

லில்லிபாய் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

காலையில் நானே மூடிய கண்கள்.

"கண்ண மூடிக்கோ" என்றேன்.

கொஞ்சம் பொறுத்து, "எரியும்" என்றேன்.

பிறகு சோப்பு போட்டேன்.

தலை துவட்ட ஒரு கை வந்தது. உடுத்தவேண்டிய சேலையைப் பிரித்து நீட்ட இன்னொரு கை. யாருடையவை என்று நிமிர்ந்து பார்க்கவில்லை. முன்னறையில் ஜெபம் முடிந்து ஆமென் சொன்னார்கள். இங்கே நின்றவர்களும் சொன்னார்கள். யாருடைய கையும் நிற்கவில்லை.

சவப்பெட்டியை மூடும்போது ஒருத்தி கேட்டாள். "கூடையையும் உள்ள வச்சிருவோமா அய்யா? அவ பொருளுதான?"

வேண்டாம் என்று தலையசைத்தேன். லில்லிபாய் அதைக் கொண்டுபோய் ஆணியில் மாட்டினாள்.

கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பியபோது வீட்டைக் கழுவி விட்டிருந்தார்கள். ஈரம் காயவில்லை. பெண்கள் எல்லாரும் போய்விட்டிருந்தார்கள்.

கால் கழுவப் பின்வாசலுக்குப் போனேன்.

ஆணி வெறுமையாக இருந்தது.